45 ஆம்பூல்: பூச்சிமருந்து நச்சுக்கான ஒத்திகையை நம் காஷுவாலிட்டியிலேயே நடத்துவது எப்படி?

பூச்சிமருந்து குடித்து வருபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எந்த ஹவுஸ் சர்ஜனும் (பயிற்சி மருத்துவரும்) டக்கென்று சொல்லிவிடுவார். அட்ரோபின் என்ற மாற்று மருந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு, நெஞ்சு தெளியும் வரை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு மீஞ்சூர் பக்கத்திலிருந்து 108-ல் ஒருவர் நுரை தள்ளியபடி வந்து இறங்கும்போது, முதல் டோஸ் போகும், இரண்டாவதும் போகும், மூன்றாவது போகாது. ஒருவர் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதில் மூழ்கிவிடுவார், ஒருவர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதப் போயிருப்பார், கூட வந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், கடிகாரத்தைப் பார்க்க ஆளே இருக்காது. அந்த மூன்றாவது டோஸைப் போட வைப்பதற்குத்தான் இந்தப் பயிற்சி.

வட சென்னையில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பூச்சிமருந்து என்றால் கிராமத்துச் சமாச்சாரம் என்று நினைத்துப் பணிக்கு வருகிறவர்கள் உண்டு. பொன்னேரி, சோழவரம், மீஞ்சூர் வயல்காட்டிலிருந்து வருகிற ஆட்கள் நம் வாசலில்தான் இறங்குகிறார்கள். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் ஒற்றை அறை வீட்டுக்குள் எலி மருந்தும் கரப்பான் மருந்தும் சமையல் மேடைக்குக் கீழேயே இருக்கின்றன. எல்லாம் நமக்கு வரும்.

பெரிய சிமுலேஷன் லேப் வேண்டும், லட்சக்கணக்கில் பொம்மை வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு சாதாரண சி.பி.ஆர். பொம்மை, ஒரு போன், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஆறேழு பேர், ஒன்றரை மணி நேரம். இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் கணக்கு

நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் அட்ரோபின் ஆம்பூல் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பி) பெரும்பாலும் 1 மில்லி, அதில் 0.6 மி.கி. மருந்து. பெரியவருக்கு முதல் டோஸ் 1.8 மி.கி. என்று வைத்தால் 3 ஆம்பூல். அஞ்சு நிமிஷத்தில் பார்க்கிறோம், தெளியவில்லை, 6 ஆம்பூல். அப்புறம் 12. அப்புறம் 24. மொத்தம் 45 ஆம்பூல், 27 மி.கி., எல்லாம் முதல் கால் மணி நேரத்துக்குள். ஆர்கனோபாஸ்பேட் (பல பூச்சிமருந்துகள் சேர்ந்த ரசாயன வகை) நச்சு கடுமையாக இருந்தால் இந்த அளவு அதிசயமே இல்லை.

இப்போது உங்கள் எமர்ஜென்ஸி ட்ராலியைத் திறந்து எத்தனை ஆம்பூல் இருக்கிறது என்று எண்ணுங்கள். நான் முதல் முறை எண்ணியபோது 10 இருந்தது. மீதி பூட்டிய அலமாரியில், சாவி வேறு மாடியில். இந்த ஒரு விஷயம் தெரிய வந்ததற்காகவே அந்த ஒத்திகைக்குச் செலவான நேரம் தகும். பயிற்சியைத் திட்டமிடும் வேலை எப்போதும் இந்த எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இன்னொன்று. 24 ஆம்பூலை உடைத்து, உறிஞ்சி, போட ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கையில் செய்து பார்க்காதவருக்குத் தெரியாது. ஒரு ஆள் மட்டும் செய்தால் அடுத்த டோஸுக்கான நேரம் வந்துவிடும். ஒருவர் உடைக்க, ஒருவர் உறிஞ்ச, ஒருவர் போட என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதை வகுப்பில் பத்து தடவை சொன்னாலும் பதியாது, ஒரு தடவை கையில் கண்ணாடி உடைத்தால் பதிந்துவிடும்.

ஒரே ஒரு நோக்கம் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒத்திகையில் அட்ரோபின், பாம் (பிராலிடாக்சைம் என்ற இன்னொரு மாற்று மருந்து), டியூப், வயிற்றுக் கழுவல், போலீஸ் தகவல், உறவினரிடம் பேசுவது என எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நிற்காது. முதல் ஒத்திகைக்கு நோக்கம் ஒன்றுதான்: நோயாளி உள்ளே வந்து 20 நிமிஷத்துக்குள் அட்ரோபின் இலக்கை எட்டுவது. அந்த இலக்கு ஐந்து விஷயம். நெஞ்சில் இரைச்சலும் வீசிங்கும் இல்லை, நாடித்துடிப்பு 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்கிறது, கண்பாவை ஊசிமுனையாக இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஒத்திகையின்போதும் அதைப் பார்க்கலாம். மனப்பாடத்தைச் சோதிக்கிற இடமில்லை இது.

பொம்மையைத் தயார் செய்வது

நுரைக்கு, சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அடித்துக்கொள்ளுங்கள், வாயோரத்தில் வைத்தால் அசலாக இருக்கும், சக்‌ஷன் போட்டு இழுக்கவும் வரும். நெற்றியிலும் அக்குளிலும் தண்ணீர் ஸ்ப்ரே. அக்குளைத் தொட்டுப் பார்க்கிறார்களா என்பது முக்கியம், அதனால் அங்கே நன்றாக நனைத்துவிடுங்கள், இலக்கை எட்டியதும் துண்டால் துடைத்துவிடலாம். கண்ணுக்கு வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு பேனாப் புள்ளி. நெஞ்சுச் சத்தத்துக்கு ஸ்பீக்கரைப் பொம்மையின் சட்டைக்குள் வைத்து, நுரையீரல் இரைச்சல் பதிவைப் போனிலிருந்து ஓட்டலாம். மானிட்டர் இல்லையென்றால் பழைய டேப்லெட்டில் எண்களை மாற்றிக் காட்டினால் போதும்.

வாசனைக்காக அசல் பூச்சிமருந்தையோ மண்ணெண்ணெயையோ தெளிக்கவே கூடாது. நெடி வருகிறது என்று வாயால் சொன்னால் போதும்.

ஆம்பூலுக்கு, மருந்தகத்தில் பேசி, காலாவதியான 1 மில்லி கண்ணாடி ஆம்பூல்களைக் கணக்கு எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு டேப் சுற்றி "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுத வேண்டும். போகும்போது எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று ஒருவர் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். பயிற்சி ஆம்பூல் ஒன்று தவறி அசல் ட்ராலிக்குள் போய்விட்டால் அது உயிர் சம்பந்தப்பட்டது. இதில் நான் யாருக்கும் தளர்வு கொடுப்பதில்லை.

மருந்து பாட்டிலையும் மறக்காதீர்கள். காலி ஷாம்பு பாட்டிலில் லேபிள் ஒட்டி, மஞ்சப்பையில் போட்டு, உறவினராக நடிப்பவர் கையில் கொடுங்கள். கேட்டால் மட்டும் தர வேண்டும். லேபிளில் முக்கோணம் வரையுங்கள்: இந்தியாவில் பூச்சிமருந்து லேபிளில் சிவப்பு மிகக் கடுமையான நச்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. 'பச்சை லேபிள், ஆர்கானிக்' என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்களும் வேடமும்

ஒரு டாக்டர் தலைமை, இன்னொரு டாக்டர் மூச்சுப்பாதை, இரண்டு சிஸ்டர்கள் மருந்துக்கு, ஒருவர் கையில் கடிகாரமும் எழுதும் அட்டையும். இந்தக் கடைசி ஆள்தான் ஒத்திகையின் உயிர். அவர் வேறு எதையும் செய்யக்கூடாது. அட்டெண்டரையும் சேருங்கள், ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கி நனைந்த உடையைக் கழற்றுவது அவர்தான், அவருக்குக் கையுறையும் ஏப்ரனும் கொடுக்க மறக்கிறோம்.

அம்மா வேடத்துக்கு ஒரு ஹவுஸ் சர்ஜனைப் போடலாம், ஆனால் எழுதிய வசனம் வேண்டாம். "சார், எம்புள்ளைய காப்பாத்து சார், ஒரே புள்ள சார்" என்று அழுதால் போதும். கேட்டால் சொல்ல வேண்டிய மூன்று தகவல்: எப்போது, என்ன, வழியில் என்ன கொடுத்தீர்கள். மூன்றாவதற்குப் பதில், "உப்புத் தண்ணி கரைச்சிக் குடுத்தோம் சார்". நம் ஊரில் இன்னும் உப்புத் தண்ணீரும் சாணித் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டிருக்கலாம் என்று டீமுக்குத் தோன்ற வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் எல்லோரிடமும் தனியாக ஒரு கேள்வி: இந்த விஷயம் உங்கள் வீட்டில் நடந்திருக்கிறதா, வேண்டாம் என்றால் இன்று வெளியில் இருக்கலாம். காரணம் கேட்கக் கூடாது. ஒரு முறை நான் கேட்காமல் விட்டு, நன்றாக வேலை செய்யும் ஒரு சிஸ்டர் பாதியில் வெளியே போய் அழுதார். அது என் தவறு. அன்றிலிருந்து கேட்கிறேன்.

ஒத்திகை ஓடும் விதம்

வார்டிலேயே, மோசமான நோயாளிகளை வைக்கும் அசல் சிவப்புப் பகுதியில் ஒரு படுக்கையில் நடத்துவதுதான் நல்லது, ஏனென்றால் சக்‌ஷன் வேலை செய்யவில்லை, சாவி இல்லை போன்ற ஓட்டைகள் லேபில் தெரியாது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்களிடமும் அவர்கள் உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசல் நோயாளி வந்தால் "ஒத்திகை நிறுத்தம்" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் அப்படியே நிறுத்த வேண்டும்.

கதை இது. 28 வயது ஆண், சோழவரம், ஒரு மணி நேரத்துக்கு முன் குடித்தது. வந்தவுடன் நாடி 48, ரத்த அழுத்தம் 84/50, மூச்சு 30, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 82, ஜி.சி.எஸ். (நினைவு நிலைக்கு 15-க்கு மதிப்பெண்) 9. கண்பாவை ஊசிமுனை, இரண்டு பக்கமும் இரைச்சல், உடம்பெல்லாம் வியர்வை.

டீம் தலையைச் சாய்த்து, சக்‌ஷன் போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, ஊசி வழி போட்டு, முதல் அட்ரோபினைப் போட வேண்டும். ஆக்சிஜன் ஏறட்டும், அப்புறம் அட்ரோபின் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், காத்திருக்கத் தேவையில்லை, இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

3 ஆம்பூல் போன பிறகு: நாடி 60, இரைச்சல் அப்படியே. 6 போன பிறகு: நாடி 78, ரத்த அழுத்தம் 92, சாச்சுரேஷன் 88. 12 போன பிறகு நாடி 104, ஆனால் நெஞ்சு இன்னும் ஈரம். இங்கேதான் பொறி. "நாடி நூறைத் தாண்டிடுச்சு, அட்ரோபின் போதும்" என்று ஒருவராவது சொல்வார். நாடி வேகம் அட்ரோபினை நிறுத்தக் காரணம் இல்லை, ஆக்சிஜன் குறைந்தாலும் நாடி ஓடும், நச்சு நரம்புகளில் உண்டாக்கும் நிகோடினிக் பாதிப்பிலும் ஓடும். நெஞ்சைக் கேட்டுத்தான் முடிவு. 24-ம் போனால் நெஞ்சு தெளிகிறது, அக்குள் உலர்கிறது, ரத்த அழுத்தம் 110. முன்னேற்றம் தெரியத் தொடங்கிய பிறகு இரட்டிப்பைத் தொடராமல் அதே அளவோ குறைவாகவோ கொடுத்து இலக்கை எட்டலாம் என்று டீம் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான்.

அஞ்சு நிமிஷம் தாண்டி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சாச்சுரேஷனை 74-க்கு இறக்குங்கள், மூச்சை மெதுவாக்குங்கள், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பிடிக்க வையுங்கள். முதல் ஒத்திகையில் பொம்மையைச் சாக விடாதீர்கள். சாவைப் பார்த்து உறைந்து போனவருக்கு அன்றைக்கு வேறு எதுவும் ஏறாது.

டியூப் போட முடிவெடுத்தால் என்ன மருந்து கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். சக்சினைல்கோலின் (தசையைத் தளர்த்தும் மருந்து) கேட்டால் கொடுத்துவிட்டு, டிப்ரீஃபில், அதாவது ஒத்திகை முடிந்தபின் நடக்கும் அலசலில், பேசுங்கள்: நச்சால் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி முடங்கிக் கிடக்கும்போது அது நீண்ட நேரம் வேலை செய்யும், ரோக்குரோனியம் பாதுகாப்பான தேர்வு. வலிப்பு வந்தால் பென்சோடயசிபைன். வயிற்றுக் கழுவல் என்று யாராவது அவசரப்பட்டால், மூச்சுப்பாதை பாதுகாப்பில்லாமல் அதைத் தொடக் கூடாது, சீக்கிரம் வந்தவருக்குத்தான் அதில் ஏதாவது பலன், அட்ரோபினைத் தள்ளிப்போட்டு அதைச் செய்வது தவறு.

இலக்கை எட்டியதும் ஒத்திகை முடியவில்லை. இன்பியூஷன் (தொடர்ந்து சொட்டாக ஏற்றும் அட்ரோபின்) கணக்கைப் பலகையில் போடச் சொல்லுங்கள்: மொத்தம் போட்டதில் 10 முதல் 20 சதவீதம், ஒரு மணி நேரத்துக்கு. 27 மி.கி. போயிருந்தால் 2.7 முதல் 5.4 மி.கி. பாம் கொடுப்பதா என்ற கேள்வி வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிலோவுக்கு 30 மி.கி. மெதுவாக, அப்புறம் கிலோவுக்கு மணிக்கு 8 மி.கி. ஆய்வுகள் இதில் ஒத்துப்போகவில்லை, மகாராஷ்டிராவில் பாராமதியில் நடந்த ஆய்வு பலன் இருப்பதாகச் சொன்னது, இலங்கையில் நடந்தது இல்லை என்றது. அதனால் உங்கள் துறையின் நெறிமுறை எதுவோ அதையே பயிற்சியிலும் பின்பற்றுங்கள். ஆனால் வேகமாகத் தள்ளக் கூடாது என்பதில் சந்தேகமில்லை.

மி.கி.யா, ஆம்பூலா?

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஒத்திகைகளில் அதிகம் வந்த தவறு இதுதான். "சிஸ்டர், ஆறு குடுங்க" என்கிறார் டாக்டர். அவர் மனதில் 6 ஆம்பூல், அதாவது 3.6 மி.கி. சிஸ்டர் 6 மி.கி. என்று எடுத்துக்கொண்டு 10 ஆம்பூல் உடைக்கிறார். அல்லது நேர்மாறாக நடக்கும். அதனால் ஒரு பழக்கம்: சொல்லும்போது எப்போதும் ஆம்பூல் எண்ணிக்கை, எழுதும்போது இரண்டும். "அட்ரோபின் ஆறு ஆம்பூல்." "ஆறு ஆம்பூல், சரி டாக்டர்." "ஆறு ஆம்பூல் போட்டாச்சு, மணி 2:07." கடிகாரக்காரர் உடனே, "அடுத்து 2:12-க்கு, பன்னிரண்டு" என்று சத்தமாகச் சொல்வார். இதை இன்னும் வேகமாகப் பழக வேண்டுமென்றால், டீ குடிக்கும் நேரத்தில் பொம்மையே இல்லாமல் வாயாலேயே மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

டிப்ரீஃப்: ஒத்திகையை விட நீளம்

20 நிமிஷ ஒத்திகைக்கு 40 நிமிஷ பேச்சு. நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். முதல் கேள்வி "எப்படி இருந்தது?", மூச்சு விட்டுக்கொள்ளட்டும். அப்புறம் கடிகாரக்காரரின் அட்டையை நடுவில் வைத்து, நேரத்தை வாசியுங்கள். "2:12-க்குப் போக வேண்டியது 2:21-க்குப் போயிருக்கிறது. அந்த ஒன்பது நிமிஷத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" "ஏன் போடலை?" என்று கேட்டால் அது விசாரணை. முதலாவது மாதிரி கேட்டால் பதில் வரும், "டியூப்தான் முக்கியம்னு நெனச்சேன் சார்" என்று. அந்தப் பதிலில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

சிஸ்டர்களை முதலில் பேச விடுங்கள். பெரிய டாக்டர் பேசிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மார்க் கிடையாது, வீடியோ எடுத்தால் அன்றே அழித்துவிட வேண்டும், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நோயாளியிடம் எப்படிப் பேசினார்கள் என்பதையும் தொடுங்கள். ஒத்திகையில்கூட "ஏன்டா இப்படிப் பண்ணே, அறிவில்லையா" என்று பொம்மையைத் திட்டியவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்க அல்ல. ஏ.ஆர். பதிவும் காவல் நிலையத் தகவலும் நம் கடமை, போகட்டும், ஆனால் அவை சிகிச்சைக்குப் பின்னால். கண் விழித்தவுடன் அவர் கேட்கும் முதல் குரல் நம்முடையது. மனநல மருத்துவரின் பார்வைக்கு எழுதாமல் டிஸ்சார்ஜ் அட்டை போகக் கூடாது, 104 சுகாதார உதவி எண்ணும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ம் அந்த அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது ஒத்திகை

முதலாவது கைவந்த பிறகு, ஒரு மாதம் கழித்து அடுத்தது. மூன்றாம் நாள் வார்டுக் காட்சி வையுங்கள். அதே இளைஞர், தெளிந்து இட்லி சாப்பிட்டவர், தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை என்கிறார். இதுதான் இன்டர்மீடியட் சிண்ட்ரோம். 1987-ல் இலங்கை மருத்துவர்கள் விவரித்தது, பொதுவாக 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். கழுத்து பலவீனம் முதல் அறிகுறி, அடுத்து மூச்சு. ஒரே மூச்சில் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நேற்று 25 வரை போனவர் இன்று 12-ல் நின்றால் ஐ.எம்.சி.யு.வுக்கு (தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு) போன் போக வேண்டும். இந்த ஒத்திகைக்குப் பொம்மைகூட வேண்டாம், ஒரு ஹவுஸ் சர்ஜன் படுத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று அட்ரோபின் மிஞ்சிய நிலை: குழப்பம், காய்ச்சல், குடல் சத்தமில்லை, சிறுநீர் அடைப்பு. இன்பியூஷனை நிறுத்தி, அடிக்கடி பார்த்து, தணிந்ததும் முன்பு ஓடிய வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், எல்லாப் பூச்சிமருந்தும் ஆர்கனோபாஸ்பேட் இல்லை என்பதற்கு ஒரு ஏமாற்றுக் காட்சி. களைக்கொல்லி பாரகுவாட் குடித்தவர், வாயெல்லாம் புண், முழு நினைவோடு பேசுகிறார். பழக்கத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜனைத் திறப்பார்கள். பாரகுவாட்டில் ஆக்சிஜன் நுரையீரல் சேதத்தை அதிகமாக்கும், சாச்சுரேஷன் நன்றாகக் குறைந்தால்தான் கொடுப்பது. தானியக் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு மாற்று மருந்தே கிடையாது, பாஸ்பின் வாயு வரும் என்பதால் ஜன்னலைத் திறந்து, நம் ஆட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செங்குன்றத்து அரிசி ஆலைகளைச் சுற்றி வேலை பார்க்கிற டாக்டர்களுக்கு இது அவசியம்.

பலர் ஒன்றாக வருவதையும் ஒரு முறை செய்து பாருங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே நேரத்தில் எட்டுக் குழந்தைகள் நம் வாசலில் வந்தால் அட்ரோபின் எங்கிருந்து வரும்? பக்கத்து மருத்துவமனை எது, யாருக்குப் போன், யார் போய் எடுத்து வருவது? இதற்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினாலே பாதி வேலை முடியும். மருந்தகத்தின் ராத்திரி எண்ணையும் உறுதி செய்துகொள்ளுங்கள், அன்றே கூப்பிட்டுப் பார்த்து, எடுக்கிறார்களா என்று.

எத்தனை முறை?

புது ஹவுஸ் சர்ஜன் பேட்ச் வரும்போதெல்லாம் ஒன்று, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒன்று. பகலில் மட்டும் நடத்தாதீர்கள். ஒரு முறையாவது ராத்திரி ட்யூட்டிக்காரர்களோடு, ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில், மூன்றே பேரை வைத்துச் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எண்ணை நோட்டில் எழுதுங்கள்: வாசலில் இறங்கியதிலிருந்து நெஞ்சு தெளியும் வரை எத்தனை நிமிஷம். எங்கள் முதல் ஒத்திகையில் 41. ட்ராலியில் 50 ஆம்பூல் வைத்து, கடிகாரக்காரரை நியமித்து, நாலாவது ஒத்திகையில் 22 ஆனது. அந்த நோட்டு இப்போது ட்ராலியின் மேல் தட்டிலேயே இருக்கிறது, சாவியும் அதே இடத்தில் தொங்குகிறது.